லோத்குண்டாவில் நின்ற கரண்டி

ஹைதராபாத்துக்குப் போய் சார்மினாரைப் பார்க்காமல் திரும்பிய தமிழர்கள் உண்டா என்று யாராவது கேட்டால், தயங்காமல் எங்கள் இருவரையும் காட்டலாம். ஒரு வாரத்துக்கு மேல் இருந்தோம். கோட்டையும் பார்க்கவில்லை, அருங்காட்சியகமும் பார்க்கவில்லை. ஊர் திரும்பியதும் கேட்டவர்களுக்கெல்லாம் வெயில் தாங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். நாங்கள் பார்த்தது வேறொன்று. அதைச் சொல்ல இத்தனை காலம் கழித்துத்தான் எனக்குத் துணிவு வந்திருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். எங்கள் பொதுத்துறை நிறுவனம் கிடங்குக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றப் போவதாக முடிவு செய்து, திருச்சியிலிருந்து என்னை ஹைதராபாத்தின் பேகம்பேட்டில் நடந்த பயிற்சிக்கு அனுப்பியது. என் கணவர் சுந்தரம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். கோடை விடுமுறை என்பதால் அவரும் வந்தார். மனைவி கைவீசி முன்னால் நடக்க, கணவர் பெட்டி தூக்கிக்கொண்டு பின்னால் வருவதைப் பார்த்து செகந்திராபாத் ரயில் நிலையத்தில் போர்ட்டர்களே சிரித்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே எதுவும் விளங்காது. எங்கள் வீட்டில் நான் சொல்வேன், அவர் கேட்பார். இதில் என்ன அதிசயம், எங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று சிரிக்கிற ஆண்கள் சற்றுப் பொறுக்கவும். நீங்கள் பயந்து கேட்கிறவர்கள். இவர் விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டவர். கல்யாணமான முதல் வருடத்தில் ஒரு மாலை, தன் மேல் முழு அதிகாரத்தையும் நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவரே கேட்டார். கண்ணில் நீரோடு கேட்டார். பைத்தியமா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எனக்கும் அது பிடித்திருப்பதைக் கண்டு நானே பயந்தேன்.

வெளியே எல்லா மனைவியரையும் போல நான் அவரை ‘நீங்க’ என்பேன், அவர் என்னை ‘நீ’ என்பார். வாசல் கதவைச் சாத்தியதும் அது மாறிவிடும். என்ன சட்டை போடுவது, எப்போது சாப்பிடுவது, எவ்வளவு நேரம் என் காலடியில் உட்கார்ந்திருப்பது எல்லாம் என் வாய்ச்சொல். அதற்கு மேல் உள்ளதை எழுதப் போவதில்லை, கற்பனை எல்லாருக்கும் உண்டு. இந்தக் கட்டுரையில் அவரை ‘அவர்’ என்றுதான் எழுதுவேன். ஊர் பார்க்கிறதே.

உலகத்தில் இப்படி வாழ்வது நாங்கள் இருவர்தான் என்று நம்பியிருந்தோம். இது ஏதோ நோயாக இருக்குமோ என்ற பயம் எனக்கு உண்டு. அவரிடம் சொன்னதில்லை. அதிகாரம் செய்கிறவள் பயந்தால் நன்றாகவா இருக்கும்?

தங்கியது செகந்திராபாத்தை ஒட்டிய லோத்குண்டாவில், அலுவலகத் தோழி ஒருத்தியின் உறவினர் வீட்டில். டெய்சி அக்கா பள்ளி ஆசிரியை. அவருடைய கணவர் ஜெயசிங்குக்கு ராணுவ டிப்போவில் வேலை. பாளையங்கோட்டையிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் பட்டாளத்தோடு வந்த குடும்பங்கள். தமிழ் அப்படியே திருநெல்வேலித் தமிழ், நடுநடுவே உருது மணக்கும். வீட்டுக்குப் பின்னால் ராணுவ நிலம், பாறையும் முட்செடியுமாக விரிந்து கிடந்தது. வந்திறங்கிய அன்று எங்களுக்குக் கிடைத்தது புளி விட்ட பருப்பும் நெய்ச்சோறும். திருச்சியில் பருப்பில் புளி விட்டால் மாமியார் முகம் சுளிப்பார். இங்கே அதை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜெயசிங் அண்ணன் ஆறடி ஆள். மீசையைப் பார்த்தாலே வழிவிடத் தோன்றும். ஐஸ் வாங்கிவரக் கிளம்பியவர், சமையலறை வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டெய்சி அக்கா வெங்காயம் அரிந்துகொண்டே இருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்து, போயிட்டு வாங்க என்று சொன்ன பிறகுதான் அண்ணன் ‘ஹவ்’ என்று சொல்லி நகர்ந்தார். ஹவ் என்றால் அந்த ஊரில் ஆமாம். சாதாரணக் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்களே. நான் திரும்பிப் பார்த்தபோது சுந்தரம் கையில் தண்ணீர் டம்ளரோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், குடிக்கலாமா என்று. அதை டெய்சி அக்கா பார்த்துவிட்டார்.

மறுநாள் பயிற்சி. கம்ப்யூட்டர் அறை ஐஸ்பெட்டி மாதிரி குளிர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல் பயபக்தியோடு உள்ளே போனோம். எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றியது. ஆனால் அந்த நாள் நினைவில் நிற்பது அதனால் அல்ல, பஸ்ஸால்.

அந்த ஊர் பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். சுந்தரத்துக்குத் தெலுங்கு தெரியாது, எனக்குக் கொஞ்சம் புரியும். பேகம்பேட் வரைக்கும் என்னுடன் வந்து ஊரைச் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். நான் கூப்பிட்டால்தான் இறங்க வேண்டும் என்று சொல்லி ஏற்றினேன். பாதி அக்கறை, பாதி எங்கள் விளையாட்டு. இறங்க வேண்டிய இடத்தில் கூட்டம் என்னைப் பிதுக்கி வெளியே தள்ளியது. கூப்பிட்டேன், என் குரல் கண்டக்டரின் கத்தலில் அமுங்கிப்போனது. ஜன்னல் வழியே அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டில் நிற்பதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பஸ்ஸோடு போய்விட்டார்.

மத்தியான இடைவேளையில் அலுவலக வாசலில் வந்து நின்றார். எங்கேயோ கடைசி நிறுத்தம் வரை போய், வழி கேட்கத் தெரியாமல், வந்த ரோட்டையே பிடித்து நடந்து வந்திருக்கிறார். தலையில் நனைத்த கைக்குட்டை, முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. நான் இறங்கியதைப் பார்த்தீர்களே, ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன்.

“நீங்க கூப்பிடலையே” என்றார். சிரித்துக்கொண்டு, கொஞ்சம் பெருமையோடு. பொது இடம் என்பதைக்கூட மறந்து நீங்க என்றார்.

இந்த மனிதர் எனக்காக இறங்காமல் இருந்தாரா, அல்லது தானாக இறங்குவது எப்படி என்பதையே மறந்துவிட்டாரா? இத்தனை வருடத்தில் ஒரு முறை கூட அவர் மாட்டேன் என்று சொன்னதில்லை. எதற்குமே. அது எனக்கு அதுவரை மகிழ்ச்சியாக இருந்தது. அன்று மத்தியானம் அந்த மகிழ்ச்சியில் விஷம் விழுந்தது. விரும்பி வந்தவரை நான் முடமாக்கிவிட்டேனா என்ற கேள்வியோடுதான் மிச்ச நாட்களைச் சுற்றினேன்.

மாலைகளில் செகந்திராபாத் கடைத்தெரு. இரானி ஹோட்டலில் சாயாவும், உப்பும் இனிப்புமான பிஸ்கட்டும். சாயாவைப் பாலாடைபோல் கெட்டியாகத் தருகிறார்கள், நம் ஊர் டீ அதன் முன்னால் கழுவு நீர். மணிக்கூண்டுப் பக்கம் மாம்பழம் வாங்கும்போது ஒன்றைக் கவனித்தேன். பர்தா போட்ட அம்மாள் ஒருத்தி விலை கேட்டாள், நக்கோ, அதாவது வேண்டாம், என்றாள். கடைக்காரர் கையிலிருந்த பழத்தை அப்படியே கூடையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். எங்கள் திருச்சி காந்தி மார்க்கெட்டில் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், வியாபாரமே அப்போதுதான் தொடங்கும். அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது. போகிற இடமெல்லாம் நக்கோ, நக்கோ என்று சொல்லிப் பழகிக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை டெய்சி அக்காவோடு கொல்லைப் படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சார்மினார் போவதாகச் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்காமல், உங்கள் வீட்டில் யார் சொல்கிறது, யார் கேட்கிறது என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் என்னைப் புரட்டிப்போட்டது.

“அது ரெண்டு பேரும் பேசி வச்சதா, தானா வந்ததா?”

இப்படி ஒரு கேள்வியை ஒருவர் கேட்பார், அதுவும் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பேசி வைத்ததுதான் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா தலையாட்டினார். எங்களைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள், நாளைக்கு மத்தியானம் சாப்பிட வருகிறார்கள், நீங்களும் இருங்கள் என்றார். மாதா மாதம் இப்படிக் கூடுவார்களாம், சில மாதம் ஆறேழு பேர்கூடச் சேர்வதுண்டாம். பக்கத்து வீடுகளுக்கு அது ஜெபக்கூட்டம். பொய்யாகிவிடக் கூடாதே என்பதற்காக ஒரு கீர்த்தனை பாடித்தான் ஆரம்பிப்பார்களாம். சார்மினார் அங்கேயே நிற்கட்டும், நானூறு வருடம் நின்றது இன்னும் நிற்கும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் ஒரே ஒரு தம்பதி. லட்சுமி, டெய்சி அக்காவின் பள்ளியிலேயே தெலுங்கு ஆசிரியை. அவர் கணவர் நர்சிங், ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இவர்கள் வீட்டில் சொல்கிறவர் நர்சிங், கேட்கிறவர் லட்சுமி என்று அக்கா அறிமுகம் செய்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பும் எரிச்சலும் வந்தன. கணவன் சொல்வதும் மனைவி கேட்பதும் அதிசயமா, தெருவுக்குத் தெரு இருப்பதுதானே? என் அப்பா சொம்பைக் கீழே வைத்தால் அது தானாக எழுந்து போகாது, அம்மாதான் எடுத்து வைப்பாள். இதற்கு ஒரு கூட்டம், கீர்த்தனை வேறு.

கீர்த்தனை முடிந்து சாப்பாடு. நெய்ச்சோறு, திருநெல்வேலி மீன்குழம்பு, ரொட்டியை நெய்யில் பொரித்துப் பாலில் ஊறவைத்த ஒரு இனிப்பு. டெய்சி அக்காவின் உபசாரம் பயங்கரமானது. வேண்டாம் என்றேன், ஒரு கரண்டி விழுந்தது. போதும் என்றேன், இன்னொன்று விழுந்தது. மூன்றாவது வரும்போது, புதிதாகக் கற்ற பாடத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசையில், நக்கோ என்றேன்.

கரண்டி காற்றில் நின்றது. ஜெயசிங் அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். நர்சிங் கையை இலையிலிருந்து எடுத்தார். அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கத்தில் வைத்து, என் எதிரே தரையில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று பதறி, சோறு போதும் என்றுதான் சொன்னேன் என்றேன். அக்காவின் முகம் தெளிந்தது. பிறகு விளக்கினார்.

“வேண்டாம்ங்கிறது நம்மூர்ல உபசார வார்த்த. மூணு தடவ வேண்டாம்னுட்டு நாலாவதுக்கு வாங்கிக்கிடுவோம். கல்யாணமான புதுசுல, நான் சொல்லுத வரைக்கும் அவிய சாப்பிடக் கூடாதுன்னு ஒருநா எங்களுக்குள்ள பேச்சு. சாயங்காலம் அவிய, இனி இது வேண்டாம் டெய்சின்னாவ. நான் சும்மா சொல்லுதாவன்னு சிரிச்சேன். சர்ச்சுல பாட்டுக்கு நிக்கையில மயங்கி விழுந்துட்டாவ.”

அண்ணன் புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் தழும்பைத் தொட்டுக் காட்டினார். அன்றிலிருந்து இந்த வீட்டில் நிறுத்துவதற்கு ஒரே சொல் நக்கோ. யார் சொன்னாலும், எதன் நடுவில் சொன்னாலும், எல்லாம் அப்படியே நிற்கும். ‘கைக்கு’, அதாவது ஏன் என்று, கேட்கக் கூடாது. தண்ணீர் கொடுத்து, சொன்னவர் தானாக வாய் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

சட்டம் என்று சொல்வது எளிது, நடக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? சாப்பிட்டு முடித்து மாம்பழம் நறுக்கும்போது அதையும் பார்த்தேன். லட்சுமி நர்சிங்கின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நர்சிங் தெலுங்கில், எல்லாருக்கும் ஒரு பாட்டுப் பாடு என்றார். சாதாரண ஏவல்தான். லட்சுமி நிமிர்ந்து பார்த்து நக்கோ என்றார்.

நம் ஊரில், விருந்தாளிகள் முன்னால், ஒரு மனைவி இப்படிச் சொன்னால் கணவன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். நர்சிங் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அவர் எழுந்தார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், நாற்காலிக்குப் போகாமல் மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மற்றவர்கள் யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் ஊறுகாய்க்கு எந்த மாங்காய் நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து லட்சுமி மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. இன்று தொண்டை சரியில்லை, வேறொன்றும் இல்லை என்றார். பிறகு ஹவ் என்றார். நர்சிங் நாற்காலிக்குத் திரும்பினார், லட்சுமி அதன் காலில் சாய்ந்துகொண்டார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாம்பழத்தட்டைப் பார்த்துக்கொண்டே துடைத்துக்கொண்டேன். என் அம்மாவுக்கு ஒரு நக்கோ இருந்ததா? எந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கு இருக்கிறது? நான் எரிச்சலோடு பார்த்த அந்த லட்சுமியிடம் ஒரு சொல் இருந்தது, அதைச் சொன்னால் வீடே நிற்கும். அந்தச் சொல் கையில் இருப்பதால்தான் அவரால் அத்தனை நிம்மதியாகத் தரையில் உட்கார முடிந்தது. ஆறடி மீசையும், பட்டறையில் இரும்பைப் பிளக்கும் கையும் அந்த ஒரு சொல்லுக்கு அடங்கி நின்ற வீட்டை, எந்த ஊர்ச் சுற்றுலாக் கையேட்டிலும் போட்டிருக்க மாட்டார்கள். இப்போது நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கிறது.

பாத்திரம் கழுவும்போது பஸ் கதையை அக்காவிடம் சொன்னேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. ஒரு நக்கோ கூட வராத வீட்டில் வருகிற ஹவ்வை நாங்கள் சரியென்று எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று மட்டும் சொன்னார்.

அது முள்ளாகத் தைத்தது. திங்கட்கிழமை அறைக்கதவைச் சாத்திவிட்டு, எனக்கு ஒரு நக்கோ சொல்லு என்று சுந்தரத்திடம் சொன்னேன். உடனே, நக்கோ என்றார். முகத்தில் அதே மலர்ச்சி. உத்தரவுப்படி வந்த மறுப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தலையில் அடித்துக்கொண்டேன். மிச்ச நாட்களில் வேண்டுமென்றே எரிச்சலூட்டும் வேலைகளாகச் சொல்லிப் பார்த்தேன். வெயிலில் மூன்று தெரு தள்ளிப் போய் வெற்றிலை வாங்கிவரச் சொன்னேன். இருவருமே வெற்றிலை போடுவதில்லை. வாங்கிவந்தார்.

கிளம்பும் நாள் காலை, பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். ஊருக்குப் போனதும் இதெல்லாம் கிடையாது, உன் சட்டையை நீயே எடுத்துப் போட்டுக்கொள், இதுதான் என் கடைசி உத்தரவு. எனக்கு அந்த வாழ்க்கை வேண்டும், ஆசையாக வேண்டும், ஆனால் ஒரு மனிதரை விழுங்கிவிட்டு அது வேண்டாம். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“சரி” என்றார்.

இதற்கும் சரிதானா என்று எனக்கு அழுகையே வந்தது. டெய்சி அக்கா எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தார். ஜெயசிங் அண்ணன் கூஜாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டுவந்து, அக்கா தலையசைத்த பிறகு என் கையில் கொடுத்தார். இவர்களை விட்டுப் போகிறோமே என்றும், எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்றும் நினைத்துக்கொண்டே ரயிலேறினேன்.

மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிரே ஒரு ஓய்வுபெற்ற பட்டாளக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். சுந்தரத்துக்கு ஒரு பிடி வைத்தேன். சாப்பிட்டார். அடுத்த பிடியை எடுத்துக்கொண்டு போனேன்.

“நக்கோ.”

என் கை காற்றில் நின்றது. அவர் முகத்தில் அந்த வழக்கமான மலர்ச்சி இல்லை. சாதம் போதுமா, வயிறு சரியில்லையா என்று நாக்கு நுனி வரை வந்த ‘ஏன்’ எல்லாவற்றையும் விழுங்கினேன். சாதத்தைப் பொட்டலத்தில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன். கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். ரயில் ஆட்டத்திலா, என் ஆட்டத்திலா தெரியவில்லை, பாதி அவர் வேட்டியில் சிந்தியது. காத்திருந்தேன். பருத்திக் காடுகள் போயின, ஒரு பாலம் போனது, ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்று கிளம்பியது. நானாக எதற்கும் அத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

“காலையில சொன்னீங்களே, அதுக்குத்தான் நக்கோ” என்றார் மெதுவாக. “பஸ்ல இறங்காதது என் முட்டாள்தனம். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க. மாட்டேன்னு சொல்ல எனக்குத் தெரியாமத்தான் இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறமும் எனக்கு இது வேணும். உங்களுக்கு வேண்டாம்னா, அத நீங்க உங்களுக்காகச் சொல்லுங்க, நிறுத்திடலாம். எனக்காகச் சொல்லாதீங்க.”

எதிர் சீட்டுப் பெரியவர், கணவன் மனைவியை ‘நீங்க’ என்பதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் வேணும் என்று சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சுந்தரம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் மடியிலிருந்த பொட்டலத்தைக் காட்டினார்.

“சாதத்தப் போடுங்க. அதுக்கு நான் நக்கோ சொல்லல.”

போட்டேன்.